ஒரு ரயிலை நிறுத்து!

"எதிரெதிர்த் திசையில் இரண்டு ரயில்கள்" என்று கேள்வி தொடங்கினாலே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறாயா? "ட்ரெயின் சம்மா? நான் தொடவே மாட்டேன்" என்று டீக்கடையில் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறாயா? இதில் என்ன பெருமை, தம்பி? ரயில்வே என்.டி.பி.சி. முதல்கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 கேள்விகள், அவற்றில் கணிதம் மட்டும் 30. ரயில்வேயில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவன் ரயில் கணக்கைக் கண்டு ஓடினால் எப்படி?

உன்னைப் பயமுறுத்துவது ஒன்றே ஒன்றுதான். இரண்டும் ஓடுகின்றன. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று மூளை திணறுகிறது. சரி, ஒன்றை நிறுத்திவிடு! சிவப்புக் கொடி உன் கையில் இருக்கிறது. நிறுத்திய ரயிலில் ஏறி உட்கார்ந்து, மற்றது எவ்வளவு வேகமாக உன்னைக் கடக்கிறது என்று பார்.

120 மீட்டர் ரயில் ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிரே 180 மீட்டர் ரயில் 48 கி.மீ. வேகத்தில் வருகிறது. முதல் ரயிலை மனதில் நிறுத்தி, அதன் வேகத்தையும் மற்றதன் மேல் ஏற்றினால் (60 + 48), எதிரே வருவது 108 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வருவதாகத் தெரியும். 5/18-ஆல் பெருக்கு: நொடிக்கு 30 மீட்டர். (அந்த 5/18-ஐ மந்திரம்போல் ஒப்பிக்காதே, 1000 மீட்டரை 3600 நொடியால் வகுத்துச் சுருக்கினால் கிடைப்பது அதுதான்.) தாண்ட வேண்டிய நீளம் 300 மீட்டர். 10 நொடி. முடிந்தது!

அதே இரண்டு ரயில்களும் ஒரே திசையில் போனால்? வேக வித்தியாசம் வெறும் 12 கி.மீ. அதாவது நொடிக்கு 10/3 மீட்டர். அதே 300 மீட்டரைத் தாண்ட 90 நொடி ஆகும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வேகத்தைக் கழித்த கையோடு நீளத்தையும் கழித்து 60 மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கு வரும் 18 நொடி என்ற தவறான விடையும் ஆப்ஷனில் உனக்காகவே காத்திருக்கும்! திசை மாறினால் வேகம்தான் மாறும். ரயில் பெட்டி சுருங்குமா?

வேகங்களைக் கூட்டுவது, கழிப்பது என்ற இந்த விதியை ஷார்ட்கட் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தருகிறார்கள். ஆரியபடர் இதை ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் ஒரே சுலோகத்தில் சொல்லிவிட்டார்: எதிரெதிரே வந்தால் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டலால் வகு, ஒரே திசையில் போனால் வேக வித்தியாசத்தால் வகு. கி.பி. 499-இல் தனக்கு 23 வயது என்று அந்த நூலிலேயே கணக்குக் கொடுத்திருக்கிறார். உன் வயதுதான்! ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் வானத்துக் கோள்களை வைத்து அவர் போட்ட கணக்கு இது. உனக்கு முன்னால் ரயில் தினமும் ஓடுகிறது. உனக்கு என்ன குறை?

உண்மையைச் சொன்னால், இந்தக் கணக்கு உனக்கு ஏற்கெனவே தெரியும். இருவழிச் சாலையில் பஸ் லாரியை முந்துவதை முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பாய். பஸ் 80 கி.மீ., லாரி 60 கி.மீ. என்று வைத்துக்கொள். பஸ் 12 மீட்டர், லாரி 10 மீட்டர், முன்னும் பின்னும் தலா 14 மீட்டர் இடைவெளி. ஆக 50 மீட்டரை 20 கி.மீ. வித்தியாசத்தில் தாண்ட வேண்டும். 9 நொடி. அந்த 9 நொடிக்குள் எதிரே ஒரு கார் 80-இல் வந்தால், இரண்டும் நெருங்கும் வேகம் 160. கரைகிற தூரம் 400 மீட்டர்! அவ்வளவு சாலை காலியாக இருக்கிறதா என்று டிரைவர் கண்ணாலேயே அளந்துவிடுகிறார். இல்லையென்றால் ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டார். நீயும் எதிரே வரும் வண்டியைப் பார்த்து, "இப்போது வேண்டாம், இது போகட்டும்" என்று சாலையைக் கடக்காமல் நின்றிருக்கிறாய். வண்டியின் வேகம், உன் நடை, சாலையின் அகலம் எல்லாவற்றையும் ஒரு கணத்தில் உன் மூளை ஒப்பிட்டுவிட்டது. உயிரைப் பணயம் வைத்துப் போடும் கணக்கில் தவறாத நீ, ஒரு மார்க்குக்கான கணக்கில் நடுங்குகிறாயே, வெட்கமாக இல்லை?

"எனக்கு மேத்ஸ் வராது" என்ற வசனத்தை இன்றோடு குப்பையில் போடு. ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு. விடைப் பக்கத்தைப் புரட்டாதே. ஒவ்வொன்றுக்கும் படம் போடு. இரண்டு கோடு, இரண்டு அம்பு போதும். எந்த வண்டியை நிறுத்தினாய் என்று பக்கத்தில் எழுது. தப்பு வரும், வரட்டும். எந்த வரியில் தடம் மாறினாய் என்று கண்டுபிடித்து அதே கணக்கை மறுபடி போடு. சூத்திரம் மறந்துபோகலாம். ஜன்னலோரத்தில் நீயே உட்கார்ந்து பார்த்தது மறக்காது.

இதோ, இன்றைக்கான கணக்கு. மணிக்கு 63 கி.மீ. வேகத்தில் போகும் ரயிலில் இருக்கிறாய். எதிரே வரும் 600 மீட்டர் கூட்ஸ் வண்டி உன் ஜன்னலை 20 நொடியில் கடந்துபோகிறது. கூட்ஸின் வேகம் என்ன? நீ இருக்கும் ரயிலின் நீளம் கொடுக்கவில்லையே என்று தேடாதே. ஜன்னலில் எட்டிப் பார்ப்பது நீ ஒருவன்தான், அது உனக்கு எதற்கு?