இடும்பனும் மலையை இறக்கி வச்சான்

ஓம் சரவணபவ!



என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்பார்கள். நான்கு குறைகள் சேர்ந்து இருக்கும். மூன்று வயதில் ஆபரேஷன். இப்போது 24 வயது, வேலைக்குப் போகிறான். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்தத் தைப்பூசத்துக்கு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஆயக்குடியிலிருந்து மட்டும் எங்களோடு பழனிக்கு நடந்தான். தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்தபோது, "அடுத்த மாசம் ஸ்கேன் மாமா. வால்வு மாத்தணும்னு சொல்லிடுவாங்களோன்னு ராத்திரி தூக்கமே வரல" என்றான்.

"முருகன் இருக்கான், உனக்கு எதுக்குடா பயம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் இதையே சொல்றீங்க மாமா. அப்புறம் பயமா இருக்குன்னு நான் யார்கிட்ட சொல்றது?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. தைரியம் சொல்வதாக நினைத்து, இத்தனை வருஷம் அவன் வாயை அடைத்திருக்கிறேன்!

எதிரே இடும்பன் மலை தெரிந்தது. இடும்பன் எப்பேர்ப்பட்ட பலசாலி! அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகத் தோளில் தூக்கி வந்தவன். அவனுக்கே தோள் வலித்தது. இறக்கி வைத்தான். அதற்காக முருகன் அவனைத் தள்ளிவிடவில்லை. தன் வாசலிலேயே இடம் கொடுத்தான். அவன் இறக்கி வைத்த மலைமேல்தான் ஆண்டவன் நிற்கிறான்.

அன்பர்களே, ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்று இதயக் கோளாறோடு பிறக்கிறது. இன்று பலர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆனால் ஆபரேஷனோடு முடிவதில்லை; ஆயுள் முழுக்க செக்கப் உண்டு. நெஞ்சில் தழும்பு, கல்யாணப் பேச்சு, பிள்ளைப்பேறு, வேலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு பயம். கண்ணுக்குத் தெரியாத காவடி அது.

பயப்படுவது பக்திக் குறைவு இல்லை. முதலில் காது கொடுங்கள், பிறகு திருநீறு பூசுங்கள். தூக்கம் போனாலும், மனசு சோர்ந்தாலும் இதய டாக்டரிடம் அதையும் சொல்லச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஸ்கேனுக்கு நானும் கூடப் போகிறேன். "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்று சொன்னேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

காவடி எடுப்பவரைத் தனியாக நடக்க விடுவோமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!