தொப்புள்கொடி உணர்த்தும் அறம்

குழந்தை பிறந்து தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட பின்னரும் அக்கொடியில் சிறிதளவு இரத்தம் எஞ்சியிருக்கும். கழிவென அகற்றப்பட்டு வந்த அவ்விரத்தத்தில் ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்கள் நிறைந்துள்ளன. 1988-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எலியான் குளுக்மான் என்ற மருத்துவரின் குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயுற்ற ஐந்து வயதுச் சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்தினர். அவன் நலம் பெற்றான். இத்தகைய சிகிச்சை உலகில் அதுவே முதலாவது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1998-இல், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டின் இயல்பும் வேறு. தொப்புள்கொடி இரத்தத்தில் உள்ளவை பெரும்பாலும் இரத்த அணுக்களையும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் தோற்றுவிப்பவை. கருவின் உயிரணுக்களோ உடலின் ஏறக்குறைய எல்லா வகை அணுக்களாகவும் மாறவல்லவை. முறையாகப் பக்குவப்படுத்தாமல் உடலில் செலுத்தினால் அவையே கட்டிகளாகவும் வளரக்கூடும்.

பெறும் வழியிலும் வேறுபாடு உண்டு. கொடியின் இரத்தத்தைத் தாய்க்கும் சேய்க்கும் ஊறின்றிப் பெறலாம். கருவின் உயிரணுக்களுக்காகச் சுமார் ஐந்து நாள் வளர்ந்த கரு சிதைக்கப்படுகிறது. சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்கச் செய்து எஞ்சிய கருக்களே பெரிதும் பயன்படுகின்றன. 'எப்படியும் கைவிடப்படுபவை நோயாளிக்கு உதவட்டுமே' என்பது ஒரு சாரார் வாதம். 'ஓர் உயிரின் தொடக்கத்தை வெறும் கருவியாகக் கொள்ளலாமா?' என்பது மறுசாரார் வினா. முன்னதில் கருணை உண்டு; பின்னதில் பயபக்தி உண்டு. எதையும் எளிதில் தள்ளிவிட இயலாது. ஜப்பானின் ஷின்யா யாமானாகா 2006-இல் எலியின் உயிரணுக்களையும், 2007-இல் மனிதத் தோல் உயிரணுக்களையும் கருநிலைக்கு ஒப்பான நிலைக்கு மாற்றி, கருவை அழிக்காத வழியும் உண்டென்று காட்டினார்.

அப்படியானால் தொப்புள்கொடி இரத்தத்தில் அறச்சிக்கலே இல்லையா? உண்டு. 'உங்கள் குழந்தைக்கு நாளை உதவும்' என்று கூறிப் பெற்றோரிடம் பெருந்தொகை பெற்று அதைச் சேமிக்கும் வணிகம் வளர்ந்துள்ளது. தன் தேவைக்கெனச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் தெளிவுபடுத்தியது. பரம்பரை நோயுள்ள குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே குறை இருக்குமன்றோ! பாரிஸில் சிறுவனைக் காத்தது அவனுடைய இரத்தமன்று, தங்கையினுடையது.

ஆகவே, ஒரு பொருள் தீங்கற்ற வழியில் கிடைத்தது என்பதோடு அறம் நிறைவுறுவதில்லை. அச்சத்தால் பூட்டி வைக்கும்போது பெரும்பாலும் பயனற்றுப்போகும் அதே இரத்தம், பொது வங்கிக்குத் தானமாக அளிக்கப்படும்போது முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.