வேலிக்கு உள்ளே பொரித்த கோழி

கோழி பொரிகிறபோது சத்தம் மூன்று முறை மாறுகிறது. துண்டு இறங்கியதும் பெரிய இரைச்சல். பிறகு நெடுநேரம் ஒரே சீரான சலசலப்பு. முடியப்போகும்போது அதுவும் மெலிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் உடைகிற ஒலி மட்டும் மிஞ்சும்.

தக்கலையில் சாயங்காலம் தட்டுக்கடை போடுகிற அண்ணன் ஒருவரை வெகுநாளாகக் கவனித்து வருகிறேன். பரோட்டாக் கணக்குச் சொல்வார், சில்லறை எண்ணுவார், முகம் சட்டியின் பக்கமே இருக்காது. சத்தம் மெலிகிற கணத்தில் கை மட்டும் போய் ஜல்லிக்கரண்டியை எடுக்கும். துண்டுகளை அள்ளி வடியவிட்டு, அடியில் கிடக்கும் மசாலாத் தூளோடு ஒரு பிடி கறிவேப்பிலையைப் போட்டுப் பொரித்து மேலே தூவுவார். அந்தப் பொடிக்காகவே வருகிறவர்கள் உண்டு. தேங்காயெண்ணெயும் நல்லமிளகும் கலந்த மணம் ரோடு தாண்டி வரும். "டீச்சரே, ரெண்டு நிமிசம் நில்லுங்க, இப்ப எடுத்துரலாம்" என்பார். நிற்பேன். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

நாம் கேட்கிற சத்தம் எண்ணெயுடையது இல்லை, தண்ணீருடையது. எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கிறது. கறிக்குள் இருக்கும் ஈரம் 100 டிகிரியிலேயே ஆவியாகி வெளியே பாய்கிறது. பாயும் ஆவி எண்ணெயை உள்ளே வரவிடாமல் தள்ளி நிற்கவைக்கிறது. சத்தம் இருக்கும்வரை அந்தக் காவல் இருக்கிறது.

வெளியே எடுத்ததும் ஆவி ஓய்கிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அப்போதுதான் உள்ளே இறங்கத் தொடங்கும். அதனால்தான் உடனே வடியவிட வேண்டும். அதே நேரம் நடுக்கறியின் ஈரம் மெல்லமெல்ல மேல்தோலுக்கு நகர்ந்து வரும். மொறுமொறுப்பு தளரும். மூடிவைத்தால் இன்னும் சீக்கிரம். பொரித்த கோழிக்கு ஆயுசு மிகக் கொஞ்சம் என்பதை அறிந்தவர்கள் அதை உடனே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

*

எங்கள் பள்ளி டூர் ஒரு காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை என்று இருந்தது. 2000-ல் கொச்சிப் பக்கம் வீகாலாண்ட் திறந்தது. இன்று அதன் பெயர் வொண்டர்லா. அதன்பிறகு பிள்ளைகள் வேறு எதற்கும் சம்மதிப்பதில்லை. நீர் விளையாட்டுப் பூங்கா என்றால் ராத்திரி பஸ் ஏறவும் தயார், விடியவிடியப் பாட்டுப் போடவும் தயார். இப்படிப் பிள்ளைகளோடு போய்ப்போய், தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாகப் பல பூங்காக்களின் சாப்பாட்டுக் கூடங்களில் கோழி சாப்பிட்டிருக்கிறேன். எந்தப் பூங்கா எது என்று சொல்லப்போவதில்லை. சுவையைச் சொல்கிறேன்.

ஒரு இடத்தில் கோழிக்கால் பிரெட் தூளில் புரட்டி வந்தது. தோல் தனி, கறி தனி. கடித்தால் மேல் ஓடு முழுசாகக் கழன்று கையில் வரும். இன்னொரு இடத்தில் சிக்கன் அறுபத்தைந்து: மைதாவும் சோளமாவும் தூக்கலாக, சிவப்பு தூக்கலாக, மிளகாய் மட்டும் குறைவாக. வெவ்வேறு ஊர்க்காரர்களுக்குப் பொதுவாகப் பொரித்தால் யாருடைய காரத்தையும் வைக்க முடியாது என்பது புரிகிறது. 1965-ல் சென்னை புஹாரி ஓட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பலகாரம், பூங்காவுக்குள் வரும்போது நாக்கைத் தொடாத பண்டமாகிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மூன்றாவது இடத்தில் ப்ரோஸ்ட். அழுத்தம் கொடுத்து மூடிப் பொரிக்கும் இயந்திரத்தில் செய்வது, வளைகுடா போய்வந்தவர்கள் வழியாக மார்த்தாண்டம், தக்கலை வரை பழகிப்போன சுவை. ஈரம் வெளியேறாததால் கறி பஞ்சாக இருக்கும். மூன்றில் அதுவே மேல் என்பேன், சுடச்சுடக் கிடைத்தால்.

சுடச்சுடக் கிடைப்பதில்லை. மஞ்சள் விளக்குக்குக் கீழே எஃகுத் தட்டில் துண்டுகள் அடுக்கியிருக்கும். விளக்குச் சூடு கோழியை ஆறவிடாது. ஆனால் மொறுமொறுப்பையும் காப்பாற்றாது. ஈரத் துணியோடு, விரல் நுனி சுருங்கி, பசியில் கண் சொருகிப்போய் வரிசையில் வந்த ஒரு பெண்பிள்ளை தட்டை வாங்கி ஒரு கடி கடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "டீச்சர், இது நமக்கு முன்னாலேயே வந்து இருக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது மனத்தில் தங்கிவிட்டது.

*

கோழிக்காக மனிதர் காத்திருப்பது ஒரு வகை. மனிதருக்காகக் கோழி காத்திருப்பது இன்னொரு வகை. பூங்காக் கோழிகளை ஒப்பிட உட்கார்ந்தால் மசாலா, மாவு, எண்ணெய் எல்லாம் இரண்டாம்பட்சம். எந்தத் தட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதுதான் முதலில் தெரிகிறது.

*

கோழிக்காக மனிதர் காத்திருந்த கதை ஒன்று. கலிபோர்னியாவில் பியூனா பார்க் என்று ஓர் ஊர். வால்டர் நாட், கோர்டீலியா நாட் தம்பதி அங்கே 1920 முதல் குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழம் பயிரிட்டார்கள். சாலையோரத்தில் பழமும் ஜாமும் விற்றார்கள். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். 1934 ஜூன் மாதத்தில் ஒருநாள், கோர்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குப் பொரித்த கோழிச் சாப்பாடு பரிமாறினார். ஒரு சாப்பாடு 65 சென்ட். வீட்டு வருமானத்துக்கு ஒரு கை கொடுப்போம் என்றுதான்.

கூட்டம் வந்தது. வார இறுதியில் மணிக்கணக்கில் நிற்கிற கூட்டம். கோழியை முன்கூட்டிப் பொரித்து அடுக்கி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வழி செய்ய வேண்டும் என்று தோன்றியது. வால்டர் 1940-ல், கைவிடப்பட்ட பழைய சுரங்க ஊர் போல ஒன்றைப் பக்கத்திலேயே கட்டத் தொடங்கினார். பெயர் கூப்பிடும்வரை அங்கே சுற்றிப் பார்க்கலாம். அது வளர்ந்துதான் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்கிற பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஆயிற்று. 1968-ல்தான் சுற்றிலும் வேலி போட்டு நுழைவுச் சீட்டு வைத்தார்கள். கோழிச் சாப்பாட்டுக் கடை இன்றும் வேலிக்கு வெளியேதான். சீட்டு வாங்காமல் போய்ச் சாப்பிடலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே அனஹைம். 1955-ல் டிஸ்னிலாண்ட் திறந்த ஊர். டிஸ்னிலாண்டுக்குள்ளே இருக்கும் பிளாசா இன் என்ற உணவகத்தின் பொரித்த கோழிக்கும் நாட் வீட்டுக் கோழிக்கும் எது உசத்தி என்று அந்த ஊர்க்காரர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். நான் இரண்டையும் தின்றதில்லை. ஆனால் ஒரு பூங்காவே ஒரு அம்மாளின் வாணலியைச் சுற்றி வளர்ந்தது என்று படித்த நாளிலிருந்து, என் மனம் நாட் வீட்டுப் பக்கம்.

*

நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று யோசித்தால் குற்றாலம் நினைவுக்கு வருகிறது. அதற்கு மதில் கிடையாது. மலையும் மேகமும் நடத்துகிற நீர் விளையாட்டு, ஜூனில் சீசன் தொடங்கி ஆகஸ்ட் வரை. அருவியில் நின்றுவிட்டு வந்தால் வயிறு எரிகிற பசி. பசித்தவர்கள் வண்டியைச் செங்கோட்டைப் பக்கம் திருப்பிப் பிரானூர் பார்டருக்குப் போகிறார்கள். அங்குள்ள ரஹ்மத் கடையின் மிளகுக் கோழிக்காகவே குற்றாலம் வருகிறவர்களும் உண்டு. குளிப்பது அவர்களுக்கு முன்னேற்பாடு. அங்கே இலை போட்டபின் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். பின்னால் கல்லில் பரோட்டா அடிக்கிற சத்தமும், ஆள் பெயர் சொல்லி அழைக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்கு அங்கே ஓர் உறவும் தோன்றும். தக்கலை இருக்கிற கல்குளம் தாலுகாவும் செங்கோட்டையும் திருவிதாங்கூரில் சேர்ந்திருந்தவை; 1956 நவம்பர் 1 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டுக்கு வந்தவை. ஆனால் சமையலில் இரண்டும் வேறுவேறு திசை பார்த்தவை. எங்கள் ஊர்ப் பொரிச்ச கோழி திருவனந்தபுரத்தைப் பார்த்தது. அங்கே சாலை பஜாரின் ரஹ்மானியா ஓட்டலில் சின்னக் கோழியைப் பொரித்து மசாலாப் பொடியோடு தருவார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் எங்கள் தட்டுக்கடைக் கோழி. பார்டர்க் கோழி பாண்டிநாட்டுக் கைப்பக்குவத்தை விடவில்லை. இரண்டில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்; இரண்டும் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வருகிறவை.

*

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது ஊட்டுப்புரையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். கீழும் மேலுமாக இரண்டு நீண்ட கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் உட்காரலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பரிமாறியது சைவச் சோறு. ஆயிரம் பேருக்கு ஆக்குகிறவர்கள், காத்திருக்கத் தெரிந்த பண்டங்களாகப் பார்த்து ஆக்கினார்கள். இஞ்சிப் புளி காத்திருக்கும். ஊறுகாய் வருஷக்கணக்கில் காத்திருக்கும், காத்திருக்கக் காத்திருக்கச் சுவை கூடும். சாம்பார் அரைமணி நேரம் பொறுக்கும். அப்பளத்தைக் கடைசியில்தான் பொரிப்பார்கள்.

பூங்காச் சமையலறைக்குள் நுழைந்து இந்த வரிசையைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆயிரம் பேர் வருகிற இடத்தில் கோழிக் குழம்பை முன்னாலேயே ஆக்கி வையுங்கள், அது தாங்கும். பொரித்த கோழியை அப்பளத்தின் வரிசையில் சேர்த்துவிடுங்கள், கடைசியில் பொரிக்கிறதாக.

*

எண்ணெய் பற்றி ஒரு சொல். பலமுறை காய்ந்த எண்ணெயில் சேருகிற கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, 2018 ஜூலை முதல் நடப்பில். அளப்பதற்குக் கருவி உண்டு. நமக்குக் கண் போதும்: கறுத்து, நுரை அடங்காமல், கொஞ்சம் காய்ந்ததுமே புகைந்தால் அதை மாற்றும் காலம் தாண்டிவிட்டது. சமையல் கண்ணுக்குத் தெரிகிற கடையில் இதைப் பார்க்கலாம். சுவருக்குப் பின்னால் பொரிக்கிற இடத்தில் நாக்கின் அடியில் நிற்கும் கசப்புதான் தகவல்.

*

பூங்காக்களின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அருவியைப் பார்க்காத பிள்ளைகளும் அங்கே தண்ணீரில் விழுந்து எழுந்து சிரிக்கிறார்கள். என் ஆதங்கம் வாசலில் இருக்கிறது. வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை என்று பையைத் திறந்து பார்க்கிற இடத்தில், அம்மாமார் விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்த புளிச்சாதப் பொட்டலம் பஸ்ஸுக்குத் திரும்பிப்போகிறது. உள்ளே வேறு கடை இல்லை. வீட்டில் கொடுத்துவிட்ட ரூபாயை எண்ணிப் பார்த்து, கோழி வாங்கினால் ஐஸ்கிரீம் கிடையாது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை முடிவெடுக்கிற இடம் அது. தேர்வு செய்ய வேறு வழியில்லாதவர்களுக்குப் பொரிக்கிறவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வேலி போட்டவர்தான் அந்தப் பசிக்குப் பொறுப்பு.

*

இத்தனை கவனித்ததில் ஒன்று நான் எதிர்பாராதது. பூங்காக் கோழி மிக நன்றாக இருப்பது கூட்டம் நெரிகிற நேரத்தில்தான். பதினொன்றரைக்குப் போனால் காலையில் பொரித்து அடுக்கியது. நாலு மணிக்குப் போனால் மதியம் மிஞ்சியது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வரிசை வாசல் வரை நிற்கும்போது, விளக்குத் தட்டில் எதுவும் தங்குவதில்லை. கூடை எண்ணெயிலிருந்து எழுந்ததும் நேராகத் தட்டுக்கு வருகிறது. அந்த நேரத்தில் பிரெட் தூள் போட்ட கால்கூட நன்றாகவே இருந்தது, ஓடு கழலவில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் பூங்கா, நாட் வீட்டு வரிசைக்கும் எங்கள் தட்டுக்கடைக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது.

டூர் நடத்துகிறவர்கள் கூட்டத்துக்குப் பயந்து பிள்ளைகளைச் சீக்கிரம் சாப்பிடவைப்பது வழக்கம். இந்த வருஷ டூர்த் தாளில் சாப்பாட்டு நேரம் மதியம் ஒன்றேகால் என்று போட்டிருக்கிறேன். அதுவரை பசி தாங்க, உள்ளே நுழையும் முன் பஸ்ஸில் வைத்து ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம். மார்புத் துண்டு கேட்காமல் தொடையும் காலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதில் கொழுப்பு அதிகம், சீக்கிரம் வறளாது. "பத்து நிமிஷம் ஆகும்" என்று கவுண்டரில் சொன்னால் வேறொன்றை மாற்றிக் கேட்க வேண்டாம், தள்ளி நின்று விளையாடுங்கள் மக்களே, நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.