படத்துக்கு வெளியே

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலைப்பாதை ஏறத் தொடங்கும். போன மார்கழியில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளிமலைப் பக்கம் நடந்தேன். ஒரு வளைவில் பனி விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. காமிராவைக் கண்ணில் வைத்தேன். அதற்குள், தலையில் விறகுக் கட்டோடு ஒரு மூதாட்டி குறுக்கே வந்துவிட்டாள். அந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்தவள். இயற்கைக் காட்சியில் மனிதர் எதற்கு என்று காத்திருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுமையை இறக்காமலே ஓரமாக ஒதுங்கி நின்று, "எடுத்துக்குங்க சாமி" என்றாள்.

எடுத்தேன். படம் அழகாகவே வந்திருக்கிறது, பார்த்தவர்கள் மெச்சுகிறார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நான் 'இயற்கை' என்று பிடித்து வந்த சரிவு, அவளைப் போன்றவர்கள் திருத்திச் சாமையும் தினையும் விளைவித்த நிலம். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்களுக்கு இம்மக்கள் கூலியின்றி உழைத்தார்கள். ஒதுங்கி நிற்க அவளுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அழகை ரசிப்பது குற்றமல்ல. ஆனால், அதற்காக நிலத்துக்கு உரியவளையே விலகச் சொல்லலாமா? நான் வாய்திறந்து சொல்லவில்லைதான், காத்திருந்தேன். அதுவும் சொன்னதுதானே?