காணோம் என்று சொல்வதற்கு முன்

தமிழில் 'பாக்கல' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. 'உன் மெசேஜ பாக்கல' என்றால் போனையே எடுக்கவில்லை என்று பொருள். 'கூட்டத்துல உன்னப் பாக்கல' என்றால் கண் திறந்துதான் இருந்தது, நீ கண்ணில் படவில்லை என்று பொருள். முதலாவதில் பார்வையே நடக்கவில்லை. இரண்டாவதில் பார்வை நடந்தது, ஆள்தான் கிடைக்கவில்லை. 'காணோம்' என்ற சொல் இவ்வளவு தாராளமானது இல்லை. 'சாவியக் காணோம்' என்று பையன் சொன்னால் அம்மா உடனே கேட்பார்: 'எங்க எங்க பாத்த? மேல பாத்தியா? லைட்டப் போட்டுப் பாத்தியா?' தேடாதவனுக்குக் காணோம் என்று சொல்ல உரிமை இல்லை என்பது நம் வீடுகளில் எழுதப்படாத விதி.

அம்மாவின் இந்தக் கேள்வியைத் தங்கள் தொழில்முறையாகவே மாற்றிக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. தொழில்முறை என்று சொன்னாலும் அவர்களில் பெரும்பாலானோருக்கு அதில் சம்பளம் இல்லை. மாறொளி விண்மீன்களைக் கவனிக்கும் அமெச்சூர் வானியலாளர்களைச் சொல்கிறேன். ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லும் உரிமை எப்போது வருகிறது? இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தத் தத்துவ நூலையும்விட அவர்களுடைய குறிப்பேடுகள் தெளிவாகப் பதில் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் வேலை எளிமையானது. சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும். அருகில் இருக்கிற, வெளிச்சம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, 'இன்று இது இவ்வளவு' என்று ஒரு எண் எழுத வேண்டும். இந்த அளவைக்கு மேக்னிட்யூட் என்று பெயர். எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் உலகம் முழுக்க இப்படி வரும் எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பார்க்கப் போன நட்சத்திரம் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? காலியாக விடக் கூடாது. அந்த இடத்தில் அன்று தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு நட்சத்திரம் எது என்று பார்த்து, அதன் எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போட வேண்டும்: <7.5. 'இந்த நேரத்தில், இந்த இடத்தில், 7.5 வரை பார்த்தேன். அதுவரை இல்லை. அதற்கும் மங்கலாக இருந்தால் எனக்குத் தெரியாது.' இவ்வளவு அர்த்தம் அந்தச் சின்னக் குறிக்குள் இருக்கிறது.

இந்த எண்ணை நான் சும்மா உதாரணத்துக்காக எடுக்கவில்லை. 1987 பிப்ரவரி 23, உலக நேரப்படி காலை 7:35. ஜப்பானில் காமியோகா சுரங்கத்துக்குள் இருந்த ராட்சதத் தண்ணீர்த் தொட்டி சில நொடிகளுக்குள் 11 நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. அதே நேரத்தில் அமெரிக்காவின் ஓஹையோ உப்புச் சுரங்கத்தில் இருந்த இன்னொரு தொட்டியில் 8. அப்போது அது யாருக்கும் தெரியாது. சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில், பெரிய மெகல்லன் மேகத்தில், ஒரு நீல ராட்சத நட்சத்திரத்தின் மையம் இடிந்து விழுந்திருந்தது.

கிட்டத்தட்ட 9:22க்கு நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் வானத்தின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அது இரவு. மாவு மில்லில் வேலை செய்தவர், மளிகைக் கடை வைத்திருந்தவர், கார் ஆலையில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளை எழுதி வைத்தவர். அன்று புதிதாக எதுவும் தெரியவில்லை, 7.5 வரை எதுவும் இல்லை. 10:38க்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மெக்நாட் எடுத்த புகைப்படத்தில் அந்த நட்சத்திரம் கிட்டத்தட்ட ஆறாம் மேக்னிட்யூடில் இருந்தது. அந்தப் படத்தின் முக்கியத்துவம் பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாள் சிலியில் இயன் ஷெல்டன், ஆஸ்கார் துஹால்டே, நியூசிலாந்தில் ஜோன்ஸும்கூட, அதைக் கண்டார்கள். அதுதான் சூப்பர்நோவா 1987ஏ.

கண்டுபிடித்தவர் என்ற பெருமை ஜோன்ஸுக்கும் உண்டு. ஆனால் அவருடைய முந்தைய நாள் 'இல்லை' அதற்குச் சளைத்ததல்ல. மையம் இடிந்ததும் நியூட்ரினோக்கள் உடனே வெளியே வந்துவிடும். வெளிச்சம் வராது. அதிர்ச்சி அலை நட்சத்திரத்தின் உடம்பைக் கடந்து மேற்பரப்பை எட்டிய பிறகுதான் வெளிச்சம். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது நட்சத்திரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும். நியூட்ரினோ வந்து சுமார் 1 மணி 47 நிமிடம் கழித்து இன்னும் இல்லை; 3 மணி நேரம் கழித்து இருக்கிறது. வெடிப்பைக் கணக்குப் போட்டவர்கள் எல்லாம் தங்கள் கணக்கை இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் பொருத்த வேண்டியிருந்தது. அதில் ஒரு புள்ளி, ஒரு மனிதர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னது.

அன்றிரவு அதே வானத்துக்குக் கீழே லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களும் எதையும் காணவில்லைதான். அவர்களுடைய 'இல்லை' எந்தக் கணக்கிலும் வராது, ஜோன்ஸுடையது வரும். வித்தியாசம் கண்ணில் இல்லை. அவரிடம் நேரம், இடம், எல்லை என்று மூன்றும் இருந்தன.

இதில் இன்னொரு ஒழுக்கமும் உண்டு. நேற்று என்ன எண் எழுதினோம் என்று பார்த்துவிட்டு இன்றைக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் 'உனக்கு எவ்ளோ தெரியுது?' என்று கேட்டுவிட்டு எழுதக் கூடாது. எதிர்பார்ப்பு கண்ணுக்குள் புகுந்துவிடும். பெர்சிவல் லோவல் சொந்தப் பணத்தில் 1894இல் ஃபிளாக்ஸ்டாஃபில் வானோக்ககம் கட்டி, செவ்வாயில் நேர்கோட்டுக் கால்வாய்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரிந்தது. யூஜீன் அந்தோனியாதியும் ஒரு காலத்தில் கால்வாய் வரைந்தவர்தான். 1909இல் பாரிஸ் அருகே மூதோனில் 83 செ.மீ. தொலைநோக்கி வழியாகப் பார்த்தபோது அந்தக் கோடுகள் ஒழுங்கற்ற புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் சிதறின. தான் முன்பு வரைந்ததற்கு எதிராகவே அதை எழுதினார். இல்லாததை இல்லை என்று சொல்வது சில நேரம் தன் பழைய கையெழுத்தையே அடித்துவிடுவதாகவும் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்? ஜெஸ்ஸூரில் கருவூல ஊழியராக இருந்த ராதாகோபிந்த சந்திரா மெட்ரிக் தேர்வில் தேறாதவர். 1918இல் கழுகு மண்டலத்தில் தோன்றிய நோவாவைத் தானாகவே கண்டவர். பிறகு அமெரிக்கச் சங்கம் அவருக்கு ஒரு தொலைநோக்கியை அனுப்பியது. 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட கணிப்புகளைச் செய்தார். அந்தத் தொலைநோக்கி பின்னர், நம் காவலூர் வானோக்ககத்தை உருவாக்கிய வைணு பாப்புவிடம் போய்ச் சேர்ந்தது. இந்த 37,000 இரவுக் குறிப்புகளில் எது பயன்படும் என்று எழுதும்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பயன் தெரிந்த பிறகுதான் நேர்மையாக இருப்பேன் என்றால் இந்த வேலையே நடக்காது.

இப்போது வானத்திலிருந்து கீழே வருவோம். தினமும் நாம் எத்தனை 'இல்லை' சொல்கிறோம்! 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? நாங்க சாதியெல்லாம் பாக்கறதே இல்ல.' 'எங்க ஆபீஸ்ல பொண்ணுங்களுக்கு அந்த மாதிரி பிரச்சினை எதுவும் கிடையாது.' 'எங்க காலேஜ்ல ராகிங்கா? நான் பாத்ததே இல்லையே.' சொல்பவர்கள் பெரும்பாலும் பொய்யர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் 'சாதி பாக்கறதில்ல' என்ற வாக்கியத்தில் அந்தப் பழைய இரட்டை அர்த்தம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கடைப்பிடிப்பதில்லை என்று சொல்கிறாரா, கவனிப்பதில்லை என்று சொல்கிறாரா? இரண்டாவதை முதலாவது போலச் சொல்ல மொழி நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

இங்கே ஒரு குறியைப் போட்டுப் பார்க்கலாம். எப்போது பார்த்தீர்கள்? எங்கே நின்று பார்த்தீர்கள்? எவ்வளவு மங்கல் வரை? தி.நகரில் நின்று மேலே பார்த்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நட்சத்திரம். ஜவ்வாது மலையில் அதே வானத்தில் பால்வீதி ஓடுகிறது. தி.நகர்க்காரர் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வது முழு உண்மை. 'பால்வீதியே கிடையாது' என்று சொல்வதுதான் தப்பு. மறைப்பது தூரம்கூட இல்லை, நாம் நிற்கிற இடத்தின் வெளிச்சம். வசதியான இடத்தில் நிற்பவருக்குத்தான் மங்கலானது எதுவும் தெரியாது.

ஆனால் நட்சத்திரத்துக்கும் மனிதருக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்று பார்த்து நட்சத்திரம் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. மனிதர்கள் குறைத்துக்கொள்வார்கள். கேட்டால் பிரச்சினை ஆகும் என்று தெரிந்த பெண் மேலதிகாரியிடம் வாயைத் திறக்க மாட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கும் மாணவன் ஆசிரியரிடம் சிரித்துவிட்டுப் போய்விடுவான். எனவே மனித விஷயத்தில் நம் பார்வையின் எல்லை நம் கண்ணை மட்டும் பொறுத்ததல்ல, நம்மிடம் பேசலாம் என்று மற்றவர்களுக்கு எவ்வளவு தோன்றுகிறது என்பதையும் பொறுத்தது. 'என்னிடம் யாரும் புகார் சொன்னதில்லை' என்ற வாக்கியம் பல நேரம் ஊரைப் பற்றிய தகவலே இல்லை, சொல்பவரைப் பற்றிய தகவல்.

'அப்போ எதையுமே இல்லைன்னு சொல்லக் கூடாதா? எல்லாத்துலயும் சந்தேகமா?' என்று கேட்கலாம். அப்படி இல்லை. ஜோன்ஸ் உறுதியாகத்தான் சொன்னார். 7.5 வரை இல்லை. அதில் தயக்கமே கிடையாது. எல்லையைச் சொன்னதால்தான் அவர் சொல்லை நம்பிக் கணக்குப் போட முடிந்தது. ஒரு புகாரை விசாரித்துவிட்டு, 'இத்தனை பேரிடம் கேட்டேன், இவர்களிடம் கேட்க முடியவில்லை, கேட்டவரை எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்பவரையும் அப்படி நம்பலாம். புகார் சொல்லப்பட்டவருக்கும் அதுதான் நியாயம். எல்லை சொல்லாத 'இல்லை' யாரையும் காப்பாற்றுவதில்லை.

இன்னொன்றும் கேட்பார்கள். இன்று சிலியில் ரூபின் வானோக்ககம் மாதிரியான கருவிகள் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும்போது, மொட்டைமாடியில் ஒருத்தர் பைனாகுலரோடு நிற்பதற்கு என்ன அவசியம்? அறிவியலுக்கு அவர் தேவைப்படுவது குறையலாம். ஆனால் தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமல் இருக்கும் பழக்கத்தை எந்தக் கருவியும் நமக்காகப் பழகித் தராது.

வடக்கு மகுட மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் 1866இல் வெடித்துப் பிரகாசித்தது, பிறகு 1946இல். சாதாரணமாகப் பத்தாம் மேக்னிட்யூட், கண்ணுக்குத் தெரியாது. வெடித்தால் துருவ நட்சத்திரம் அளவுக்கு வரும். அடுத்த வெடிப்பை 2024லிருந்தே எதிர்பார்த்து உலகம் முழுக்கப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெடிக்காத ஒவ்வொரு இரவுக்கும் அவர்கள் ஒரு வரி எழுதுகிறார்கள்: தேதி, நேரம், எவ்வளவு வரை பார்த்தேன், இன்னும் இல்லை.