மருந்தும் நோயும்

தோட்டத்தில் யாரும் விஷம் அடிப்பதாகச் சொல்வதில்லை. "மருந்தடிக்கப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். நெகிரி செம்பிலானில் பகாவ், லிங்கி, ரந்தாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே சொல்தான். பம்பை முதுகில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொல்வதற்காகத் தெளிப்பதை மருந்து என்று அழைத்துப் பழகிய நமக்கு, வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மட்டும் உடம்பு சிலிர்க்கிறது.

ரப்பர் போய் செம்பனை வந்த நிலங்களில் காண்டாமிருக வண்டு பெரிய தொல்லை. மறுநடவுக்காகச் சாய்த்த மரங்களை எரிக்காமல் மக்க விடுகிறார்கள். அந்த மக்கலில் வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கிறது. இதற்கும் வழக்கமான பதில் மருந்துதான். ஆனால் வேறொரு பதில் இந்த மண்ணிலேயே இருந்தது. 1963இல் ஜெர்மானிய ஆய்வாளர் அலோய்ஸ் ஹூகர் இங்கே நோயுற்ற வண்டுப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டார். 'மலாயா நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

1967இல் அந்த வைரஸ் சமோவாவுக்குப் போனது. அங்கே தென்னைகளை அழித்துக்கொண்டிருந்த அதே வண்டு, 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு கரையேறியது. நம்மவர்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த அதே ரப்பர். நோய் தொற்றிய வண்டு உடனே சாவதில்லை. தீனியைக் குறைத்துக்கொண்டு, பறந்து திரிந்து, தன் கழிவின் வழியாக இணைக்கும் புழுக்களுக்கும் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சமோவாவில் தென்னைகள் மீண்டன.

ஓர் உயிரின் வழியாகவே அதன் இனத்துக்குச் சாவை அனுப்புவது சரியா? நியாயமான கேள்வி. தெளிப்பதை நாளைக்கே நிறுத்திவிடலாம். விட்ட வைரஸைத் திரும்பக் கூப்பிட முடியாது. இயற்கையானது, அதனால் நல்லது என்ற சமாதானமும் எடுபடாது. பாம்பின் விஷமும் இயற்கைதான்.

ஆனால் வைரஸை விடுவதற்கு முன், வேறு எந்த உயிரைத் தொடும், மனிதனைத் தொடுமா என்று கேட்கிறோம். பம்பில் ஊற்றியதற்கு இந்தக் கேள்விகளை யார் கேட்டார்கள்? களைக்கொல்லியான பாரகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிக்கும் பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வடிவதையும், நகங்கள் உதிர்வதையும், தோல் புண்ணாவதையும் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆவணப்படுத்தியது. அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது. 2006இல் தடை நீங்கியது. மறுபடியும் முழுத்தடை வந்தது 2020 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பரிசோதனைக்கூடமாக இருந்தது அந்தப் பெண்களின் உடம்பு.

வண்டுக்கான வைரஸ் களைக்கொல்லிக்கு மாற்று இல்லை. அது வந்துவிட்டால் தோட்டம் புனிதமாகிவிடும் என்றும் சொல்லவில்லை. 2007இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டு வகையிடம் பழைய வைரஸ் பலிக்கவில்லை. மக்காச்சோளத்தின் படைப்புழுவுக்கும் இன்று வைரஸ் தேடுகிறார்கள். அங்கேயும் இதே தயக்கம் எழும், எழட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். நோய் என்ற சொல்லுக்குக் காட்டும் அச்சத்தில் பாதியையாவது மருந்து என்ற சொல்லுக்குக் காட்டியிருந்தால்? யார் மேல் படும், திரும்பப் பெற முடியுமா, சுமப்பவரிடம் கேட்டோமா என்ற மூன்று கேள்விகளும் இரண்டுக்கும் பொது. வண்டிடம் சம்மதம் கேட்க வழியில்லை. பம்பைத் தூக்கிய அக்காவிடம் கேட்டிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியும்; டின்னில் எழுதியிருந்ததை மட்டும்தான் அவரால் படிக்க முடியவில்லை.