தகவலாளி

எம்.ஏ. முதலாமாண்டு படிக்கும்போது, செமினார் கட்டுரைக்காக நூலகத்தில் ஓர் ஒப்பாரித் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பாட்டு. ரெண்டு வரி படிச்சதும் கை நின்னுபோச்சு. அது எங்க ஆயா பாட்டு. மேலே ஓர் எண். பக்கத்தில் 'சகோதரன் இறப்பு' என்று வகைப்பாடு. அவசரமாகப் புத்தகத்தின் கடைசிக்குப் போய்த் தகவலாளர் பட்டியலைத் தேடினேன். ஊர் இருந்தது. சாதி இருந்தது. வயது 60, கூலி வேலை, எழுத்தறிவில்லை என்று எல்லாம் இருந்தது. பேர் மட்டும் இல்லை.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆறாவது படிச்சிக்கிட்டிருந்தேன். டேப்ரெக்கார்டரோடு ரெண்டு பேர் எங்க சேரிக்கு வந்தாங்க. ஆயா முதலில் ஒத்துக்கவே இல்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. "ஏம்மா, பாட்டுதானே பாடப்போற" என்றார்கள். கடைசியில் ஆயா எழுந்து, தெருவைத் தாண்டிக் களத்துமேட்டுக்குப் போய், வீடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடியது. பாடி முடிந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆயா நேராக வீட்டுக்குள் வரவில்லை. கைப்பம்பில் தலையோடு தண்ணி ஊத்திக்கொண்டு ஈரப்புடவையோடுதான் வாசப்படி ஏறியது. புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரி: 'செயற்கைச் சூழலில் பதிவு செய்யப்பட்டது.'

அந்தப் பாட்டு ஆயாவோட தம்பியைப் பற்றியது. ராத்திரியில் ஆண்டையின் நிலத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடிச்சிடுச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டாங்க. ஆண்டை தரலை. கொட்டாயில் மாடு ரெண்டும் சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சாம். ஆயா அந்த வண்டியைப் பாடும், அந்த மாடுகளைப் பாடும், ஆண்டையின் பேரைச் சொல்லியே பாடும். புத்தகத்தில் அந்தப் பேர் வரவேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. கீழே அடிக்குறிப்பு: 'ஒலி தெளிவாக இல்லை.' நான் ஆயாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒலி தெளிவாகத்தான் இருந்தது.

இதிலிருந்துதான் என் கேள்வி தொடங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் கவிதை எழுதினால் அவர் படைப்பாளி. அவர் எழுதியது படைப்பு. அதற்கு வெளியீட்டு விழா, பொன்னாடை. எங்க ஆயா தன் தம்பியின் சாவைத் தன் சொல்லில் கட்டிப் பாடினால் ஆயா தகவலாளி. பாடியது தரவு. இந்தக் கோட்டை யார் கிழித்தது?

வாய்மொழிப் பாடலுக்குத் தனி ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் கூட்டுப் படைப்பு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒப்பாரியின் சந்தமும் உவமைகளும் பொதுச் சொத்துதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெண்பாவின் யாப்பும் பொதுச் சொத்துதானே? எந்தப் புலவர் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார்? யாப்பு பொதுவாக இருப்பதால் வெண்பாப் புலவனின் பேரை யாரும் அழிப்பதில்லை. சந்தம் பொதுவாக இருப்பதால் ஆயாவின் பேர் மட்டும் எப்படி அழிகிறது?

ஒரு பல்கலைக்கழகத்தைச் சும்மா சுற்றி வாங்க. எத்தனை துறை, எத்தனை விதமான ஆய்வு, எத்தனை விதமான படைப்பு என்று மலைப்பாக இருக்கும். எல்லாத் துறையிலும் நாமும் இருக்கிறோம். நாட்டார் வழக்காற்றியலில் நம் பாட்டு. இசைத்துறையில் நம் பறை. நாடகத்துறையில் நம் ஆட்டம். மானுடவியலில் நம் கல்யாணமும் கருமாதியும். பொருளியலில் நம் கூலி. சட்டத்துறையில் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த நம் வழக்குகளும். ஒரே கிழவி பாடுகிறாள், பிள்ளைப்பேறு பார்க்கிறாள், நாத்து நடுகிறாள், சாமியாடுகிறாள். அவளைத் துறை துறையாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். நாம் மாட்டை அறுத்துக் கூறு வைக்கிறோம். அதில்கூட ஒரு நியாயம் இருக்கு. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கூறு போய்ச் சேரணும். இந்தக் கூறில் நமக்குப் பங்கு எங்கே?

இது புதுப் பழக்கமில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அளக்கப்பட்டவர்கள் அளந்தவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அங்கே எட்டாவது தொகுதி கிடையாது.

இதுவரைக்கும் வாசகத் தோழர்கள் என்னோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பீர்கள். இனி சொல்லப்போவது என் கதை.

எம்.ஏ. இரண்டாமாண்டு ஆய்வேட்டுக்கு, எங்க தெருவையும் தாண்டி இருக்கிற அருந்ததியர் தெருப் பெண்களிடம் போனேன். செல்போனில் பதிவு செய்தேன். துப்புரவு வேலை, கணவன், பிள்ளைகள், சாமி, பேய் என்று மணிக்கணக்காகச் சொன்னார்கள். ஆய்வேட்டில் அவர்களைத் தகவலாளி 1, தகவலாளி 2, தகவலாளி 3 என்று எழுதினேன். வழக்கம் அதுதான் என்று நெறியாளர் சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. அதுவாவது போகட்டும். ஓர் அக்கா பேச்சோடு பேச்சாக, "உங்க தெருக்காரங்க எங்க வூட்ல தண்ணி குடிக்க மாட்டாங்க, பொண்ணு குடுக்க மாட்டாங்க, கூட்டம்னா மட்டும் எங்களையும் சேத்து தலித்துன்னு சொல்லுவாங்க" என்றார். அதை நான் எழுதவில்லை. 'ஆய்வுப் பொருளுக்குத் தொடர்பில்லாதது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். தொகுப்பாசிரியர் போட்ட மூன்று புள்ளிக்கும் நான் விட்ட அந்த வாக்கியத்துக்கும் என்ன வித்தியாசம்? எனக்கும் ஒலி தெளிவாகத்தான் கேட்டது.

ரொம்ப நாள் இதை மனசுக்குள் போட்டுப் புரட்டியபின் எனக்குப் பட்டது இதுதான். ஒருவரின் வாழ்வை அறிந்துகொள்ளப் போகிறவர் அவருக்குக் கடன்படுகிறார். பேரைப் போடுவது அந்தக் கடனில் ஒரு பகுதி. பெரிய பகுதி வேறு. சொல்பவர் சொல்லும் பேச்சில் எழுதுகிறவரைக் குற்றம் சாட்டும் இடம் ஒன்று வரும். அவருடைய சாதியையோ, தெருவையோ, அவர் சார்ந்த துறையையோ சுடும் இடம். அந்த இடத்தை அழிக்காமல் விடுவதுதான் ஆய்வின் ஒழுக்கம். அதை வெட்டிவிட்டு மீதியை எவ்வளவு அழகாகப் பதிப்பித்தாலும் அது திருட்டுதான். நான் தலித் என்பதால் என் திருட்டு தியாகமாகிவிடாது.

பேரை வெளியிட்டால் அந்த ஆளுக்கு ஆபத்து வராதா என்று கேட்கலாம். வரும். இந்தக் கட்டுரையில்கூட ஆயாவின் பேரையோ ஆண்டையின் பேரையோ நான் எழுதவில்லை. ஆயா 2008இல் செத்துப்போச்சு. ஆண்டையின் மகன்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் அவர்கள் நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, நான் இங்க குடியிருக்கணும்" என்றார். நிறுத்திக்கொண்டேன். கேட்டுவிட்டு மறைப்பது வேறு. இவளுக்கெல்லாம் பேர் எதற்கு என்று விட்டுவிடுவது வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கு. பொருளாக எல்லாத் துறையிலும் இருக்கிற நாம், ஆய்வாளராக உள்ளே நுழைந்தால் எத்தனை கதவு திறக்கிறது? எனக்குத் தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் மேல்தான் ஆசை. "உனக்கெதுக்கு இலக்கணம்? தலித் இலக்கியம் பண்ணு, உனக்குத்தான் அனுபவம் இருக்கே" என்றார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது 'இதெல்லாம் இலக்கியமா' என்று முகம் சுளித்தார்கள். பல பேர் போராடித்தான் அது பாடத்திட்டத்துக்குள் போனது. போராடித் திறந்த அந்தக் கதவையே இப்போது காட்டி, உனக்கு இது ஒன்றுதான் வழி என்கிறார்கள். தலித் இலக்கியம் ஆய்வது எனக்குப் பெருமைதான். அதை நானே தேர்ந்தெடுக்கணும்.

அம்பேத்கரைப் பாருங்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். எந்தச் சாதியின் மண்டையை மானுடவியல் அளந்துகொண்டிருந்ததோ, அந்தச் சாதிக்காரர் எழுந்து நின்று சாதியை அளந்தார். அதோடு நிற்கவில்லை. 1923இல் லண்டனில் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு. சாதியும் அவர் பொருள்தான், நாணயமும் அவர் பொருள்தான்.

கொலம்பியாவில் அந்தக் கட்டுரை படித்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக விடுதியில் ரோகித் வெமுலா தூக்கில் தொங்கினார். அம்பேத்கர் மாணவர் சங்கத் தோழர். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இருந்தவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளனாக வேண்டும் என்பது தன் ஆசை என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். நட்சத்திரங்களைப் பற்றி எழுத ஆசைப்பட்ட ஒருவரை, இன்று எத்தனையோ துறைகள் ஆய்வுப் பொருளாக்கிக் கட்டுரை எழுதுகின்றன. உயிரோடு இருந்தபோது கிடைக்காத இடம், செத்தபின் அடிக்குறிப்பில் கிடைக்கிறது.

அதனால் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடச் சொல்லவில்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்கு எந்தத் துறையும் இல்லை. சித்த மருத்துவம், மொழி, பவுத்தம், வரலாறு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக எழுதினார். 1914இல் அவர் மறைந்தபின் அந்த எழுத்துகள் மறதியில் கிடந்தன. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அவருடைய பேரோடு, அவருடைய கோபத்தோடு, அவர் யாரைக் குற்றம் சாட்டினாரோ அந்தக் குற்றச்சாட்டோடு வந்தது. ஒரு கல்வி நிறுவனத்தால் கடனைத் திருப்பித் தர முடியும் என்பதற்கு அந்தத் தொகுதிகளே சாட்சி.

போன மாசம் பழைய ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு அந்த அருந்ததியர் தெருவுக்குப் போனேன். அந்த அக்காவிடம் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். விட்டுப்போனதையும் சொன்னேன். வரப்போகிற புத்தகத்தில் பேரோடு முழுசாகப் போடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அக்கா கேட்டார்: "பேரு கெடக்கட்டும் கண்ணு. நான் சொன்னத உங்க தெருவுல நின்னு படிப்பியா?"

ஆடி மாசம் எங்க தெருவில் கூழ் ஊத்துவார்கள். எல்லாரும் கூடியிருப்பார்கள். அன்னைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.